பத்தாவது கழுவல்

மிஸ்ஸிடம் ஒரு கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், வரப்போகும் பதிலைத் தாங்குவோமா என்று யோசித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் பட்டம் வாங்கி வந்த மூத்த விரிவுரையாளர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு, தன் பேச்சு எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டார். மிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். முதல் பத்து நிமிடம் விளங்கியது, அதற்குப் பிறகு உங்களுக்கு விளங்கவில்லையா எனக்கு விளங்கவில்லையா என்று தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஒரு கிழமை கழித்து மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போய், எனக்குத்தான் விளங்கவில்லை, இந்த இரண்டு இடத்தைத் தவிர, என்று கொடுத்தார். அந்த மனிதர் பிறகு ஒரு வருடம் அவரோடு பேசவில்லை.

பேராதனைக் கம்பஸில் உயிர் இரசாயன ஆய்வுகூடத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளனாக இருந்தேன். மிஸ் அங்கே விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். நான் கெலிஓயாக்காரன், முஸ்லிம். எல்லோரையும் போல அவரும் என்னை, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, நானா என்றுதான் கூப்பிடுவார். மெலிந்த உடம்பு. உயரமான முக்காலியில் கால்களை மடித்து ஏறி உட்கார்ந்துவிட்டால் மத்தியானம் வரைக்கும் இறங்கமாட்டார்.

அவருடைய ஆராய்ச்சி கொழுப்பைப் பற்றியது. உடம்பின் கலங்களுக்குள்ளே, அதாவது செல்களுக்குள்ளே, கொழுப்பு எண்ணெய்த் துளிகளாக இருக்கிறது. மூட்டையில் அரிசி கிடப்பது போலக் கலத்தில் கொழுப்பு சும்மா கிடக்கிறது என்பதற்கு மேலே அந்தக் காலத்துப் புத்தகங்கள் அதிகம் சொல்லவில்லை. மிஸ்ஸுக்கு அது போதவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் வட்டங்களைக் கரண்டி நுனியால் தள்ளிக் காட்டுவார். தொட்ட உடனே இரண்டு வட்டமும் ஒன்றாகிவிடும்.

“கலத்துக்குள்ளை ஏன் நானா இப்பிடிக் கண்டபாட்டுக்குச் சேரேல்லை? துளியை ஆர் கட்டி வைச்சிருக்கிறது? எப்ப திறந்து விடவேணும் எண்டு ஆர் சொல்லுறது?”

துளியைச் சுற்றிப் புரதங்கள் இருக்கின்றன, கொழுப்பைச் சேர்த்து வைப்பதும் வெளியே விடுவதும் அவற்றின் வேலை என்பது அவருடைய எண்ணம். மற்றவர்கள் சிரித்தார்கள். கலத்தை உடைக்கும்போது எங்கேயோ இருந்த புரதம் வந்து துளியில் ஒட்டிக்கொள்கிறது, அது வெறும் அழுக்கு என்றார்கள். அழுக்கு என்றால் கழுவினால் போகவேண்டும் என்று மிஸ் கழுவத் தொடங்கினார்.

கெலிஓயாவில் என் மச்சானுக்கு இறைச்சிக் கடை இருந்தது. ஆடு அறுத்த கையோடு சூடான கொழுப்பை உப்புத் தண்ணீரில் போட்டு, ஃபிளாஸ்கில் ஊற்றி, காலை பஸ்ஸில் கொண்டுவருவது என் வேலை. ஆறிவிட்டால் உதவாது. மிஸ் சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். ஆனால் அந்தக் கொழுப்பை வெறுங்கையால் எடுத்துக் கத்தரிப்பார். கலங்களை உடைத்து, சென்ட்ரிபியூஜ் இயந்திரத்தில் வேகமாகச் சுற்றி, மேலே மிதக்கும் வெண்படலத்தை எடுத்து, புதுத் தண்ணீரில் கலக்கித் திரும்பவும் சுற்றுவோம். அது ஒரு கழுவல். பத்துத் தரம் கழுவிய பிறகும் புரதம் இருந்தால் மருந்து விட்டதும் நீலம் காட்டும். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் நீலம் காட்டியது. நான் குதிப்பேன். அவர் மட்டும், இதிலிருந்து புரதம் இருக்கிறது என்று மட்டும்தான் தெரிகிறது, அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை என்பார்.

நான் அப்படிப்பட்டவன் அல்ல. பொய் எனக்குச் சரளமாக வரும். ஒருமுறை சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஃபிளாஸ்கைத் திறந்து மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். உம்மாவின் முழங்கால் வலிக்குப் பூசும் மருந்து என்று சொன்னேன். மூடிக் கொடுத்துவிட்டான். அதை நான் பெருமையாகச் சொன்னபோது, உண்மையைச் சொன்னாலும் விட்டிருப்பான்தானே என்று மிஸ் கேட்டார்.

என் பொய்யால் அவர் உயிர் பிழைத்ததும் உண்டு. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம், தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்த கலவரத்தில், கண்டிப் பக்கம் புகை எழும்புவது ஆய்வுகூட ஜன்னலில் தெரிந்தது. அவருடைய வாடகை அறை டவுனில் இருந்தது. அங்கே போக வழியில்லை. தெரிந்தவர் ஒருவரின் வேனில், தலையில் முக்காடு போட்டு, அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டாம் நாள் பின்னேரம் ஏழெட்டுப் பேர் பொல்லுகளோடு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார்கள். அதில் இருவர் எனக்குப் பழக்கமானவர்கள். வீட்டில் தமிழ் ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். மனைவியின் தங்கை அக்குறணையிலிருந்து வந்திருக்கிறாள், காய்ச்சலோடு படுத்திருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னேன். சத்தியம் பண்ணச் சொன்னார்கள். பண்ணினேன். போய்விட்டார்கள்.

மிஸ் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அடுத்த நாள் தேநீர் குடிக்கும்போது சொன்னார்:

“அவையள் என்னட்டை நேரை வந்து நீ தமிழோ எண்டு கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.”

என் மனைவி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். இல்லை என்று சொல்லியிருப்பீர்கள்தானே மிஸ் என்று கேட்டாள். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சத்தியமாகத் தெரியாது என்றார். அவர் போன பிறகும் பல நாள் என் மனைவி அதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள்.

லெட்சுமி என்ற பிள்ளை எங்களிடம் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. மிஸ்ஸிடம் படித்து டொக்டரான பெண் ஒருத்தி, ஒரு சின்னக் குழாயில் இரத்தம் அனுப்பியிருந்தாள். வைத்துவிட்டுப் பார்த்தால் சிவப்பு கீழே படிந்து, மேலே தெளிவாக நிற்கவேண்டிய நீர் பால் போல வெள்ளையாக நின்றது. மிஸ் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். இந்த ஆளை நான் பார்க்கவேண்டும் என்றார்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். பிள்ளைக்கு ஏழு வயது. கன்னத்தில் சதை என்று ஒன்றுமே இல்லை, கிழவியின் முகம். கையும் காலும் மட்டும் மூட்டை தூக்குகிறவர்களுடையதைப் போல முறுகி, நரம்பு புடைத்திருந்தன. வயிறு முன்னுக்குத் தள்ளியிருந்தது. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காத பிள்ளை. தோட்டத்தில் எல்லோரும் தாயைத்தான் ஏசினார்கள். சோறு போடாமல் தானே தின்கிறாள் என்று ஒருவர், பேய் பிடித்திருக்கிறது என்று ஒருவர்.

“நான் புள்ளைக்குப் போடாம தின்னதில்லம்மா,” என்று அந்தத் தாய் நின்றபடியே சொன்னாள். “எம் பங்கையும் அவளுக்குத்தான் குடுக்கிறேன். எங்க போவுதுன்னு தெரியலம்மா.”

மிஸ் முக்காலியிலிருந்து இறங்கி வந்தார். “உங்கடை பிள்ளையின்ரை உடம்பிலை கொழுப்பை வைக்க இடம் இல்லை. வைக்க இடமில்லாமல் ரத்தத்திலையும் ஈரலிலையும் போய் நிக்குது. ஏன் இடம் இல்லை எண்டு எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் சாப்பாடு குடுக்காததாலை இப்பிடி வராது. அது எனக்குத் தெரியும்.”

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு காலமும் எல்லோரும் அவளிடம் தெரியும் தெரியும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை வந்தார்கள். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் நிறுத்தி, சீனித் தேத்தண்ணியை நிறுத்தி, பருப்பும் கீரையும் குரக்கனும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார் மிஸ். கம்பஸ் மருத்துவ நிலையத்துத் தாதி இரத்தம் எடுத்துத் தருவார். நான் குழாயை வைத்துப் பார்ப்பேன். பால் போல இருந்தது மெல்ல மெல்லத் தண்ணீர் கலந்த பாலாகி, பிறகு அரிசி கழுவிய தண்ணீர் போலானது. லெட்சுமி மேசை விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு குழாயையே பார்த்திருப்பாள். தாய் ஒவ்வொரு முறையும், சுகமாகிவிடுமா என்று கேட்பாள். இந்த மாதம் குறைந்திருக்கிறது, அடுத்த மாதத்தைப் பற்றி எனக்குத் தெரியாது என்று மிஸ் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் என்ன என்று எனக்குக் கோபம் வரும். கேட்டேன். சொன்னால் அவள் கவனம் குறைந்துபோகும் என்றார். தன் குறிப்புப் புத்தகத்தில் லெட்சுமியின் பெயருக்குக் கீழே, துளியைக் கட்டும் புரதங்களில் ஒன்று இந்தப் பிள்ளையில் இல்லையோ என்று எழுதி, பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார்.

பொலிஸ் ஜீப் வந்தது ஒரு முற்பகல். யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள், தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி ஆய்வுகூடத்தில் இரசாயனம் சேர்க்கிறாள் என்று. வந்த அதிகாரி பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படித்தவன். முதலில் என்னிடம்தான் கேட்டான். இவ்வளவு கொழுப்பு எதற்கு என்றான். மாணவர்களுக்குச் சவர்க்காரம் செய்து காட்ட என்றேன். ஆராய்ச்சி என்றால் விளங்கப்படுத்த வேண்டிவரும் என்று நினைத்தேன். கொழுப்பிலிருந்து கிளிசரின் எடுக்கலாம் அல்லவா என்றான். இங்கே அப்படி ஒன்றும் எடுக்க முடியாது சேர் என்று சிரித்தேன்.

அவன் மிஸ்ஸின் பக்கம் திரும்பி அதே கேள்விகளைக் கேட்டான். மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். சவர்க்காரம் அல்ல, மாணவர்களுக்கும் அல்ல, என்னுடைய ஆராய்ச்சிக்கு என்றார். கிளிசரின் எடுக்கலாமா? எடுக்கலாம். அதிலிருந்து வெடிமருந்து செய்யலாமா? உலகத்தில் செய்கிறார்கள், இங்கே செய்யவில்லை. அந்தக் கடைசி வார்த்தைகளை அவன் கேட்டதாகத் தெரியவில்லை. அப்படியென்றால் இந்த ஆள் ஏன் பொய் சொன்னான் என்றான். மிஸ் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. விடை தெரியாத கேள்வியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

இருவரையும் கொண்டுபோனார்கள், குறிப்புப் புத்தகங்களையும் சேர்த்து. என்னை இரண்டாம் நாள் விட்டார்கள். அவரைப் பதினொரு மாதம் வைத்திருந்தார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அல்லது அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால், இருவர் பேச்சும் ஒன்றாக இருந்திருக்கும். ஒருவேளை ஜீப் வெறுமனே திரும்பிப் போயிருக்கும். இன்று வரைக்கும் இதை எத்தனை தரம் புரட்டிப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

அடுத்த மாதம் லெட்சுமியும் தாயும் வந்தார்கள். மிஸ் எங்கே என்று தாய் கேட்டாள். பொலிஸ் என்ற சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பயந்து வராமல் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கும் பயமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“மிஸ் வெளிநாடு போயிருக்காங்க. அடுத்த மாசம் வந்துருவாங்க,” என்றேன். “புள்ளைக்கு ஒண்டுமில்ல. பயப்படாதீங்க.”

அன்று குழாயில் வெள்ளை கொஞ்சம் கூடியிருந்தது. முன்பு போலத்தான் என்றேன். இரண்டாவது மாதம் இன்னும் கூடியிருந்தது. தோட்டத்தில் பிள்ளைக்கு நல்ல கொழுப்பாகக் கொடு என்று சொல்கிறார்கள், கொஞ்சம் கொடுத்தேன், பரவாயில்லையா என்று கேட்டாள். மிஸ் வந்ததும் கேட்போம் என்றேன். மூன்றாவது மாதம், பிள்ளைக்கு இடைக்கிடை வயிறு நோகிறது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவா என்று கேட்டாள். குழாய் முழுப் பாலாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, இந்த மாதம் கட்டாயம் மிஸ் வந்துவிடுவார், வந்து பார்க்கட்டும், அதுவரைக்கும் பொறுங்கள் என்றேன்.

நான்காவது மாதம் அவர்கள் வரவில்லை. அந்த டொக்டர் பெண்தான் வந்து சொன்னாள். லெட்சுமியை வயிற்று வலியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கணையம் வெந்து போயிருந்தது. இரண்டு நாள்தான் இருந்தாள்.

மிஸ் விடுதலையாகி வந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. கண்ணாடியின் ஒரு பக்கத்தில் விரிசல். முக்காலியில் ஏறவில்லை, நின்றபடியே லெட்சுமியின் கடைசிக் குழாய் எப்படி இருந்தது என்று கேட்டார். வேறு விதமாகச் சொல்ல ஒரு கணம் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்தையும், நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், பிள்ளை போனதையும் சொன்னேன். குழாய்த் தாங்கியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். பிறகு, கலஹா பஸ் எத்தனை மணிக்கு என்றார்.

தேயிலைச் சரிவில் மேலேறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனபோது, அந்தத் தாய் கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த தடம் இன்னும் மறையவில்லை. எங்களைக் கண்டு அழவில்லை. வாங்கம்மா என்று பலகையைத் துடைத்துப் போட்டாள். வெளிநாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டாள்.

“நான் வெளிநாடு போகேல்லை,” என்றார் மிஸ். “பொலிஸ் பிடிச்சு வைச்சிருந்தது.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸிடம், “நீங்க இருந்திருந்தா எம் புள்ள பொழச்சிருக்குமாம்மா?” என்றாள்.

இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவளுக்காகவா எனக்காகவா என்று தெரியாது. மிஸ் இந்த முறை கண்ணாடியைத் தொடவில்லை.

“நான் இருந்திருந்தா உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருப்பன். போயிருந்தா கொஞ்சக் காலம் இருந்திருப்பா எண்டுதான் நினைக்கிறன். எவ்வளவு காலம் எண்டு சொல்லத் தெரியேல்லை. நான் அவவைக் காப்பாத்தேல்லை அம்மா.”

எங்கோ ஒரு பிள்ளை தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. தாய் என் பக்கம் திரும்பி, ஏசாமல், சத்தம் போடாமல் சொன்னாள்: “ஐயா, அவங்க இல்லன்னு நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வேற எங்கயாச்சும் போயிருப்பேனே.”

வெறுந்தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் வந்தோம். பஸ்ஸில் மிஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

அந்த வருடமே வேலையை விட்டு யாழ்ப்பாணம் போனார். பாதை மூடி, மின்சாரம் நின்று, அங்கே சண்டை இறுகிய காலத்தில் யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் ஒன்று வந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாராம். சைக்கிள் சில்லில் குழாய்களைக் கட்டிக் கையால் சுற்றி ஆட்டுக் கொழுப்பைக் கழுவுகிறாராம். பத்தாவது கழுவலிலும் நீலம் காட்டுகிறது என்று எழுதியிருந்தார். சுகமா என்று நான் எழுதிய பதில் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பிறகு அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் ஊரை விட்டு எழும்பிப் போனபோது அவரும் வன்னிக்குப் போனதாக ஒருவர் சொன்னார். வன்னியில் பார்த்ததாக இன்னொருவர். அதற்கப்பால் சொல்ல ஆளில்லை.

நான் ஓய்வு பெறும் காலத்தில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், கொழுப்புத் துளியைப் பற்றி இப்போது உலகமெல்லாம் ஆராய்கிறார்கள் என்று சொன்னார். துளியைச் சுற்றிப் புரதங்கள் இருக்கின்றன, ஒன்று கட்டுகிறது, ஒன்று காக்கிறது, ஒன்று திறக்கிறது. பிறந்ததிலிருந்தே கொழுப்புச் சேராத பிள்ளைகள் பலரில் துளி உருவாகும் இடத்தில் இருக்கவேண்டிய ஒரு புரதம் பழுதாகியிருக்கிறது, அதற்குச் செய்பின் என்று பெயர். நான் அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன்.

போர் முடிந்த அடுத்த வருடம் அந்தத் தாளோடு கலஹாவுக்குப் போனேன். அவள் அதே லயத்தில்தான் இருந்தாள். முதுகு வளைந்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. கண்டதும் முகம் இறுகியது. நான் நின்றபடியே சொன்னேன். உங்கள் பிள்ளையில் எது பிழை என்று அன்று சோதிக்க வழி இருக்கவில்லை, அதனால் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, பெரும்பாலும் இப்படி ஒரு பழுதாக இருக்கும். அது தாயிடமிருந்து பாதியும் தகப்பனிடமிருந்து பாதியும் வந்து சேர்ந்தால்தான் வரும். இருவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

“அவருகிட்டேருந்தும் பாதியா?”

ஓம் என்றேன். அவள் மெல்லச் சிரித்தாள். லெட்சுமி பிறந்த வருடமே, உன் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டுப் புருசன் போய்விட்டானாம். இத்தனை வருடத்தில் அவன் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. தாளை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெயரை என்னைச் சொல்லச் சொல்லி, இரண்டு தரம் திருப்பிச் சொன்னாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மிஸ் எங்கே என்று கேட்டாள், வன்னிக்குப் போனார், அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது என்றேன்.

பிறகு, “இத அந்தம்மாகிட்ட யாரு சொல்றது?” என்று கேட்டாள்.